நாணய மறுதரப்படுத்தல்

நாணய மறுதரப்படுத்தல் என்பது, ஒரு தரச்சான்று நிறுவனத்தால் ஏற்கனவே தரப்புள்ளி வழங்கப்பட்டு நெகிழிக் கூட்டில் அடைக்கப்பட்ட நாணயம் ஒன்றை, முன்னதை விட உயர்ந்த புள்ளி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் மீண்டும் தரப்படுத்தலுக்கு அனுப்பும் வழக்கம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் இவ்வழக்கம் பரவியது. மார்கன் டாலர், பீஸ் டாலர் ஆகிய வெள்ளி டாலர்களிலேயே இது மிகுதியாகக் காணப்படுகிறது. இந்நாணயங்களில் ஒரே ஒரு புள்ளி வேறுபாடு, விலையில் பல மடங்கு வேறுபாட்டை உண்டாக்கக்கூடும்.

இந்தியச் சேகரிப்பாளர்களும் பிரித்தானிய இந்தியக் கால வெள்ளி ரூபாய்களை இவ்வாறு தரப்படுத்தி வருகின்றனர். எனினும் தொல்பொருள் ஏற்றுமதிச் சட்டம், வீட்டில் நாணயங்களைத் துலக்கி வைக்கும் வழக்கம் ஆகியவற்றால் இங்குள்ள நிலைமை பெரிதும் வேறுபட்டதாகும்.

தரப்படுத்தல் அளவுகோல்

நாணயங்களுக்கு 1 முதல் 70 வரை புள்ளியிடும் முறையை வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1949இல் வெளியிட்டார். இது ஐக்கிய அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டு நாணயங்களுக்காக உருவாக்கப்பட்டது. 1 புள்ளி பெற்ற நாணயத்தின் விலை ஒரு டாலர் எனில், 70 புள்ளி பெற்ற அதே நாணயத்தின் விலை 70 டாலராக இருக்கும் என்பதே இதன் தொடக்ககாலக் கருத்து. புள்ளிக்கும் விலைக்கும் இருந்த இந்த நேர்விகிதத் தொடர்பு விரைவில் மறைந்தது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1970களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் இவ்வளவுகோலைப் பிற நாணயங்களுக்கும் ஏற்றுக்கொண்டது.

தற்போது வழங்கும் முதன்மையான பிரிவுகள் பின்வருமாறு:

- 1 முதல் 45 வரை: புழக்கத்தில் பல்வேறு அளவில் தேய்ந்த நாணயங்கள்.
- 50 முதல் 58 வரை: மேடான பகுதிகளில் மட்டும் மிகச் சிறிதளவு தேய்ந்த நாணயங்கள். இவை ஏ.யு. எனக் குறிக்கப்படுகின்றன.
- 60 முதல் 70 வரை: புழக்கத்தேய்வு சற்றும் இல்லாத நாணயங்கள். இவை எம்.எஸ்., அதாவது 'மின்ட் ஸ்டேட்' எனக் குறிக்கப்படுகின்றன.

மறுதரப்படுத்தல் பெரும்பாலும் மூன்றாம் பிரிவிலேயே நடைபெறுகிறது. இப்பிரிவிலுள்ள எந்த நாணயத்திலும் தேய்வு இல்லை. ஆகவே எம்.எஸ். 64க்கும் எம்.எஸ். 65க்கும் உள்ள வேறுபாடு கீறல்களின் எண்ணிக்கை, அவை அமைந்துள்ள இடம், பளபளப்பு, அச்சுப்பதிவின் தெளிவு, ஒட்டுமொத்தத் தோற்றம் ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றுள் எதற்கும் அளவுகருவி கிடையாது.

தரச்சான்று நிறுவனங்கள்

தொடக்கத்தில் விற்பவரே தம் நாணயத்தின் தரத்தைக் கூறிவந்தார். விற்பவர் உயர்த்திக் கூறுவதும் வாங்குபவர் குறைத்துக் கூறுவதும் வழக்கமாக இருந்தமையால், இருவரையும் சாராத மூன்றாம் தரப்பு மதிப்பீடு தேவைப்பட்டது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ஏ.என்.ஏ.சி.எஸ். சேவை 1972இல் மெய்த்தன்மைச் சான்றுகளையும், 1979இல் தரச்சான்றுகளையும் வழங்கத் தொடங்கியது.

பி.சி.ஜி.எஸ். நிறுவனம் 1986இல் பணியைத் தொடங்கியது. நாணயத்தைத் தரப்படுத்தி, புள்ளி அச்சிட்ட சீட்டுடன் கடினமான நெகிழிக் கூட்டில் அடைத்து முத்திரையிடும் முறையை இந்நிறுவனமே பரவலாக்கியது. இக்கூடு 'ஸ்லாப்' என அழைக்கப்படுகிறது. 1987இல் என்.ஜி.சி. நிறுவனம் தோன்றியது. இவ்விரு நிறுவனங்களும் 2010இல், ஒரு தரத்தின் மேல்நிலையிலுள்ள நாணயங்களைக் காட்டக் கூட்டல் குறியைச் சேர்க்கத் தொடங்கின. எம்.எஸ். 64, எம்.எஸ். 64+, எம்.எஸ். 65 எனப் படிகள் பெருகியதால், மறுதரப்படுத்தலுக்கான வாய்ப்பும் பெருகியது.

2007இல் தொடங்கப்பட்ட சி.ஏ.சி. என்னும் நிறுவனம், பிற நிறுவனங்களின் கூடுகளிலுள்ள நாணயங்களை மீண்டும் ஆராய்ந்து வில்லை ஒட்டும் சேவையை அறிமுகப்படுத்தியது. பச்சை வில்லை, நாணயம் தன் தரத்திற்கு முழுத்தகுதி உடையது என்பதைக் குறிக்கும். பொன்னிற வில்லை, அந்நாணயம் இன்னும் உயர்ந்த தரத்திற்கு உரியது என்பதைக் குறிக்கும். 2023 முதல் இதனைச் சார்ந்த தனி நிறுவனமும் நாணயங்களைத் தரப்படுத்தி வருகிறது.

வெள்ளி டாலர்களில் இவ்வழக்கம் மிகுந்திருப்பதன் காரணம்

மார்கன் டாலர் 1878 முதல் 1904 வரையிலும், பின்னர் 1921இலும் அச்சிடப்பட்டது. இதனை வடிவமைத்தவர் ஜார்ஜ் மார்கன். இதன் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், வெள்ளியின் அளவு 90 விழுக்காடு. பீஸ் டாலர் 1921 முதல் 1928 வரையிலும், 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தது.

மக்கள் அன்றாடத் தேவைக்குத் தாள் பணத்தையே விரும்பியதால், மார்கன் டாலர்களில் பெரும்பகுதி ஆயிரம் நாணயங்கள் கொண்ட துணிப்பைகளில் கட்டப்பட்டு, கருவூல அறைகளிலேயே கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் கருவூலம் இப்பைகளை வெளியிட்டபோது, எண்பது ஆண்டுப் பழமையுடைய நாணயங்கள் சற்றும் தேயாத நிலையில் சேகரிப்பாளர்களின் கைக்கு வந்தன. 1964இல் கருவூலம் இவ்வெளியீட்டை நிறுத்தியது. எஞ்சியிருந்தவை, பெரும்பாலும் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அச்சிடப்பட்டவை, 1972 முதல் 1980 வரை அரசால் விற்கப்பட்டன.

தேயாத நாணயங்கள் இத்தனை எண்ணிக்கையில் கிடைத்ததால், அவற்றுக்குள் வேறுபாடு காண நுண்ணிய படிகள் தேவைப்பட்டன. பைகளில் ஒன்றோடொன்று மோதியதால் ஏற்பட்ட வடுக்களே இங்கு முதன்மையான அளவுகோல் ஆயின. மார்கன் டாலரின் முகப்பிலுள்ள விடுதலைத் தேவியின் கன்னம், எந்தச் செதுக்கலும் இல்லாத அகன்ற பரப்பாகும். அங்கு விழும் ஒரு வடு உடனே கண்ணில் படும். அதே அளவுள்ள வடு தலைமுடிப் பகுதியில் விழுந்தால் எளிதில் மறைந்துவிடும்.

விலை வேறுபாடு எல்லா ஆண்டு நாணயங்களுக்கும் ஒரே அளவினது அன்று. 1881இல் சான் பிரான்சிசுக்கோவில் அச்சிடப்பட்ட டாலர் உயர்தரத்தில் ஏராளமாகக் கிடைப்பதால், ஒரு புள்ளி உயர்வு சிறிதளவே பயன் தரும். மாறாக, அதே நாணயச்சாலையில் 1884இல் அச்சிடப்பட்ட டாலர், தேய்ந்த நிலையில் மலிவானது. தேயாத நிலையில் மிக அரியது. இதன் விலை ஏ.யு. 58இலிருந்து எம்.எஸ். தரங்களுக்குச் செல்லும்போது செங்குத்தாக உயர்கிறது. 1886இல் நியூ ஓர்லியன்சில் அச்சிடப்பட்ட டாலரும் 1901இல் பிலடெல்பியாவில் அச்சிடப்பட்ட டாலரும் இத்தகையவை. எனவே ஒரு நாணயத்தை மீண்டும் அனுப்புவது தகுமா என்பதை அந்நாணயத்தின் அழகு மட்டும் முடிவு செய்வதில்லை. அவ்வகையின் விலைப் படிக்கட்டும் முடிவு செய்கிறது.

தரம் மாறுவதற்கான காரணங்கள்

ஒரே நாணயம் இரு முறை அனுப்பப்படும்போது இரு வேறு புள்ளிகளைப் பெறுவதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

- எல்லைநிலை: புள்ளிகள் முழு எண்கள், தரமோ தொடர்ச்சியானது. 64க்கும் 65க்கும் நடுவிலுள்ள நாணயம் எந்தப் பக்கமும் விழலாம்.
- மனிதக் கணிப்பு: ஒவ்வொரு நாணயத்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்படுத்துநர்கள் தனித்தனியே பார்க்கின்றனர். ஆயினும் ஒரு நாணயத்திற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஒளி, களைப்பு, அதற்கு முன் பார்த்த நாணயம் ஆகியவை கணிப்பைப் பாதிக்கக்கூடும்.
- அளவுகோலின் நகர்வு: எழுதப்பட்ட விதிகள் மாறாவிட்டாலும், அவற்றைப் பொருள்கொள்ளும் விதம் காலப்போக்கில் மாறுகிறது. 1980களின் தொடக்கத்தில் எம்.எஸ். 65 எனச் சான்று பெற்ற பல நாணயங்கள், அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் தரமுறை இறுகியபோது எம்.எஸ். 63 அளவிலேயே மதிக்கப்பட்டன. பிற்காலத்தில் நகர்வு எதிர்த்திசையில் நிகழ்ந்தது என்பது சேகரிப்பாளர்கள் பலரின் கருத்து.
- தோற்றக் கவர்ச்சி: வெள்ளியின் மேற்பரப்பில் கந்தகச் சேர்மங்களால் தோன்றும் வண்ணப்படலத்தை ஒருவர் அழகு எனவும், மற்றொருவர் குறை எனவும் கருதலாம்.

மறுதரப்படுத்தும் முறைகள்

உறையுடைப்பு: உரிமையாளர் கூட்டைத் தாமே உடைத்து நாணயத்தை எடுத்து, முன்பு தரப்படுத்தப்படாத நாணயம் போல அனுப்புவது. பழைய புள்ளி தரப்படுத்துநருக்குத் தெரியாது என்பதே இதன் நன்மை. புள்ளி குறையலாம் என்பதும், நாணயம் துலக்கப்பட்டது எனக் கருதப்பட்டுப் புள்ளியே மறுக்கப்படலாம் என்பதும் இதன் இடர்கள். உடைக்கும்போது கருவி நழுவி நாணயத்தில் கீறல் விழுவதும் உண்டு.

கூட்டிலேயே மறுஆய்வு: நாணயம் கூட்டை விட்டு வெளியேறாமல் ஆராயப்படுகிறது. புள்ளி உயர்ந்தால் மட்டும் புதிய கூட்டிற்கு மாற்றப்படும். இல்லையெனில் அப்படியே திரும்பி வரும். இறங்கும் இடர் இல்லாவிடினும், நெகிழியின் ஊடாகப் பார்ப்பவர் தயக்கம் காட்டுவார் என்றும், பழைய புள்ளி அவர் மனத்தில் பதிந்துவிடும் என்றும் கருதப்படுகிறது.

நிறுவன மாற்றம்: ஒரு நிறுவனத்தின் கூட்டிலுள்ள நாணயத்தை மற்றொரு நிறுவனத்திற்கு அனுப்புவது. தாம் ஏற்கும் குறைந்த அளவுப் புள்ளியை அனுப்புபவர் முன்னதாகவே குறிப்பிடலாம். அப்புள்ளி கிடைக்காவிடில் கூடு உடைக்கப்படாது.

1980களின் இறுதியிலும் 1990களிலும் பயன்படுத்தப்பட்ட பழைய கூடுகளுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அக்காலத்தில் தரமுறை கண்டிப்பானதாக இருந்தது என்ற நம்பிக்கையால், கூட்டை உடைக்காமலேயே கூடுதல் விலை கிடைக்கிறது. உடைத்தபின் புள்ளி உயராவிடில் இக்கூடுதல் மதிப்பும் இழக்கப்படும்.

செலவும் பயனும்

மறுதரப்படுத்தலின் பயனை எளிய நிகழ்தகவுக் கணக்கால் ஆராயலாம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. சந்தை விலைகள் அல்ல.

ஒரு நாணயம் எம்.எஸ். 64இல் 20,000 ரூபாயும், 65இல் 35,000 ரூபாயும், 63இல் 14,000 ரூபாயும், புள்ளி மறுக்கப்பட்டால் 9,000 ரூபாயும் பெறும் எனக் கொள்வோம். கட்டணம், அஞ்சல், காப்பீடு ஆகியவற்றிற்கு மொத்தம் 6,000 ரூபாய் ஆகிறது. கூட்டை உடைத்து அனுப்பினால் புள்ளி உயர 20 விழுக்காடும், மாறாதிருக்க 60 விழுக்காடும், குறைய 15 விழுக்காடும், மறுக்கப்பட 5 விழுக்காடும் வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம்.

எதிர்பார்க்கும் மதிப்பு = 7,000 + 12,000 + 2,100 + 450 = 21,550 ரூபாய்

இதிலிருந்து செலவைக் கழித்தால் 15,550 ரூபாயே எஞ்சுகிறது. அதாவது, நாணயத்தை அனுப்பாமல் வைத்திருப்பதை விட 4,450 ரூபாய் குறைவு. இறங்கும் இடர் இல்லாத மறுஆய்வு முறையிலும், உயர்வின் பயன் 15,000 ரூபாய், செலவு 6,000 ரூபாய் என்பதால், வெற்றி வாய்ப்பு 40 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால்தான் ஆதாயம் உண்டு.

அதே 20 விழுக்காட்டு வாய்ப்புடன், 65இல் நாணயத்தின் விலை 1,20,000 ரூபாய் எனில் நிலைமை தலைகீழாகிறது. மறுஆய்வில் எதிர்பார்க்கும் கூடுதல் மதிப்பு 20,000 ரூபாய். செலவு போக 14,000 ரூபாய் எஞ்சும். விலைப் படி உயரமாக உள்ள நாணயங்களே மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவதன் காரணம் இதுவாகும்.

வெற்றி கிடைக்கும் வரை அனுப்புவோரும் உள்ளனர். ஒவ்வொரு முயற்சியும் மற்றதைச் சாராதது எனக் கொண்டால், 20 விழுக்காட்டு வாய்ப்புள்ள நாணயம் ஐந்து முயற்சிகளில் ஒரு முறையாவது உயர்வு பெறுவதற்கான வாய்ப்பு சுமார் 67 விழுக்காடு ஆகும். நடைமுறையில் முயற்சிகள் முற்றிலும் சார்பற்றவை அல்ல. நாணயத்தின் உண்மையான நிலை எல்லா முயற்சிகளுக்கும் பொதுவானது. தெளிவாக 64 தரத்தில் உள்ள நாணயம் எத்தனை முறை சென்றாலும் 64ஆகவே திரும்பும்.

விளைவுகள்

தர வீக்கம்: 64 பெற்றவர் மீண்டும் அனுப்புகிறார், 65 பெற்றவர் நிறுத்திக்கொள்கிறார். தரப்படுத்துநரின் பிழைகள் இருபுறமும் சமமாக இருந்தாலும், கீழ்நோக்கிய பிழைகள் மீண்டும் மீண்டும் சரிபார்க்கப்படுகின்றன. மேல்நோக்கிய பிழைகள் அப்படியே நிலைக்கின்றன. பல்லாண்டுகள் கடந்தபின், சந்தையிலுள்ள 65 கூடுகளில் எல்லைநிலை நாணயங்களின் பங்கு கூடுகிறது. நல்ல 64 நாணயங்கள் அத்தரத்தை விட்டு வெளியேறுவதால், எஞ்சிய 64 நாணயங்களின் சராசரித் தரமும் குறைகிறது. சி.ஏ.சி. வில்லை போன்ற இரண்டாம் அடுக்குச் சான்றுகளுக்குத் தேவை எழுந்தது இதனாலேயே.

எண்ணிக்கை அறிக்கைப் பிழை: ஒவ்வொரு தரத்திலும் எத்தனை நாணயங்கள் சான்று பெற்றுள்ளன என்பதை நிறுவனங்கள் வெளியிடுகின்றன. கூட்டை உடைத்தவர் பழைய சீட்டைத் திருப்பி அனுப்பாவிடில், பழைய பதிவு நீக்கப்படாது. ஒரே நாணயம் ஐந்து முறை அனுப்பப்பட்டால் ஐந்து நாணயங்களாகக் கணக்கில் தோன்றும். எனவே அரிய நாணயங்களின் உண்மையான எண்ணிக்கை இவ்வறிக்கைகள் காட்டுவதை விடக் குறைவாக இருக்கலாம்.

இழப்பின் இடமாற்றம்: எல்லைநிலை நாணயம் 65 பெற்றதும் பெரும்பாலும் விற்கப்பட்டுவிடும். அதனை முழு விலைக்கு வாங்கியவர், பின்னர் விற்க முயலும்போது தேர்ந்த வணிகர்கள் குறைத்தே கேட்பர். சீட்டை மட்டும் நம்பி வாங்கும் புதிய சேகரிப்பாளரே இவ்விழப்பைச் சுமக்கிறார்.

கணினி முறையும் அரசு நடவடிக்கையும்

மனிதக் கணிப்பின் மாறுபாட்டை நீக்கும் நோக்கில், பி.சி.ஜி.எஸ். நிறுவனம் 1990இல் கணினித் தரப்படுத்தல் முறை ஒன்றை அறிமுகப்படுத்தியது. இதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை மார்கன் டாலர்களே. வடுக்களைப் படிமச் செயலாக்கத்தின் மூலம் அளவிட முடிந்தாலும், பளபளப்பையும் தோற்றக் கவர்ச்சியையும் எண்ணாக மாற்றுவது அக்காலக் கணினிகளுக்குக் கடினமாக இருந்தது. இம்முறை வழக்கில் நிலைக்கவில்லை.

அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நடுவண் வணிக ஆணையம், தரப்படுத்தல் சீரானது, சார்பற்றது என்ற விளம்பரக் கூற்றுகள் தொடர்பாக இந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அது உடன்பாட்டில் முடிந்தது. தரச்சான்று முதலீட்டு இடரை முற்றிலும் நீக்கிவிடாது என்ற எச்சரிக்கை இதன் பின்னர் நாணய வணிகத்தில் வழக்கமானது.

செயற்கைத் திருத்தம்

புள்ளியை உயர்த்துவதற்காக நாணயத்தின் மேற்பரப்பை மாற்றுவது 'நாணய மருத்துவம்' எனக் கேலியாக அழைக்கப்படுகிறது. வடுக்களைப் பசையால் நிரப்புதல், சீரொளியால் பரப்பை உருக்கி மென்மையாக்குதல், வேதிப்பொருளால் செயற்கை வண்ணம் ஏற்றுதல் ஆகியவை இதிலடங்கும். கறையை நீக்க அமிலக் கரைசலில் தோய்ப்பதும் பரவலாக உள்ளது. ஒவ்வொரு தோய்ப்பும் மேற்பரப்பின் மெல்லிய படலத்தைக் கரைப்பதால், மிகுந்தால் பளபளப்பு நிலையாக அழிந்துவிடும். 2010இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின் தாய் நிறுவனம், இத்தகைய திருத்தங்கள் தொடர்பாக வணிகர்கள் சிலர் மீது வழக்குத் தொடர்ந்தது.

இந்தியாவுடனான தொடர்பு

மார்கன் டாலர்களின் அரிய தன்மைக்கும் இந்திய ரூபாய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்த் தாள் வெளியிடப்பட்டது. தாள்களைக் கொடுத்து வெள்ளி நாணயம் கேட்போர் பெருகியதால், பிரித்தானிய அரசு ஐக்கிய அமெரிக்காவிடம் வெள்ளியைக் கோரியது. 1918 ஏப்ரல் 23 அன்று இயற்றப்பட்ட பிட்மன் சட்டத்தின்படி சுமார் 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. இவற்றுள் சுமார் 25.9 கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவின் தேவைக்காகப் பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டது.

ஒரு மார்கன் டாலரில் ஏறத்தாழ 24.06 கிராம் தூய வெள்ளி உள்ளது. அக்கால இந்திய ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் 12இல் 11 பங்கு, அதாவது ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளி. எனவே ஒரு டாலரின் வெள்ளியிலிருந்து இரண்டே கால் ரூபாய் அச்சிட முடியும். எந்தெந்த ஆண்டு டாலர்கள் உருக்கப்பட்டன என்பது பதிவு செய்யப்படவில்லை. இதனால் அச்சிடப்பட்ட எண்ணிக்கையைக் கொண்டு எஞ்சியுள்ள எண்ணிக்கையைக் கூற இயலாது. தரச்சான்று நிறுவனங்களின் எண்ணிக்கை அறிக்கைகளே முதன்மையான சான்றாக உள்ளன. மறுதரப்படுத்தலால் அவற்றில் நேரும் பிழை இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது.

தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில்

சென்னையில் நாணயம் அச்சிட்ட நினைவு தங்கசாலைத் தெருவின் பெயரில் இன்றும் உள்ளது. சென்னை நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டில் புழங்கிய வெள்ளி ரூபாய்கள் பெரும்பாலும் கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளைச் சேர்ந்தவை.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற புறநகர்ப் பகுதிகளில் பழைய நாணயங்கள் இரு வழிகளில் கிடைக்கின்றன. ஒன்று, குடும்பங்களில் வழிவழியாகப் பாதுகாக்கப்படும் விக்டோரியா, ஜார்ஜ் மன்னர் காலத்து ரூபாய்கள். மற்றொன்று, பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை போன்ற பழம்பொருள் விற்பனை இடங்கள். இவ்விரு வகை நாணயங்களும் தரப்படுத்தலில் சில தனிச் சிக்கல்களைச் சந்திக்கின்றன.

- துலக்குதல்: பூசை அறையில் வைக்கப்படும் வெள்ளி நாணயங்கள் திருநீறு, புளி, பூந்திக்கொட்டை ஆகியவற்றால் தேய்த்துத் துலக்கப்படுகின்றன. திருநீற்றின் நுண்துகள்கள் மெல்லிய இணைகோடுகளை உண்டாக்குகின்றன. உருப்பெருக்கியில் இவை தெளிவாகத் தெரியும். இத்தகைய நாணயத்திற்குப் புள்ளி வழங்கப்படுவதில்லை. 'துலக்கப்பட்டது' என்ற குறிப்பே கிடைக்கும்.
- பற்றவைப்பு: காசுமாலை, பதக்கம் ஆகியவற்றிற்காக வளையம் பற்றவைத்து, பின்னர் நீக்கப்பட்ட நாணயங்களின் விளிம்பில் தடம் எஞ்சியிருக்கும்.
- சோதனைக் குறிகள்: பணமாற்று வணிகர்கள் வெள்ளியின் தூய்மையைச் சோதித்து இட்ட சிறு முத்திரைகள் வரலாற்று மதிப்புடையவை. ஆயினும் தரப்புள்ளி முறையில் இவை பழுதாகவே கொள்ளப்படுகின்றன.
- போலிகள்: மலிவு உலோகத்தில் வார்க்கப்பட்ட போலி டாலர்களும் ரூபாய்களும் உலகெங்கும் பழம்பொருள் சந்தைகளில் காணப்படுகின்றன. எடையையும் விட்டத்தையும் சரிபார்ப்பது முதல் சோதனை. நாணயத்தை நூலில் கட்டி நீரில் மூழ்கவைத்து அடர்த்தியைக் காண்பது அடுத்தது. மார்கன் டாலர், பழைய வெள்ளி ரூபாய் ஆகிய இரண்டின் அடர்த்தியும் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10.3 கிராம் ஆகும். 1940 முதல் ரூபாயில் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டதால், அதன் பிறகு வந்தவற்றிற்கு இவ்வெண் பொருந்தாது.

துலக்கிய நாணயத்தின் பழைய மேற்பரப்பை எந்த முறையாலும் மீட்க முடியாது. அதனை மறுதரப்படுத்தலுக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண்செலவாகும்.

சட்டக் கட்டுப்பாடுகள்

இந்தியாவின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய நாணயம் தொல்பொருளாகும். தொல்பொருளை நடுவண் அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ தவிர வேறு எவரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. தரப்படுத்திய பின் திருப்பிக் கொண்டுவரும் நோக்கமாயினும், தனிநபர் அத்தகைய நாணயத்தை அஞ்சலில் வெளிநாட்டிற்கு அனுப்புவது சட்டமீறலாகும்.

இக்கட்டுப்பாட்டின் எல்லை ஆண்டுதோறும் நகர்கிறது. அமெரிக்க வெள்ளி கலந்திருக்கக்கூடிய 1918ஆம் ஆண்டு ரூபாய் 2018இல் நூறாண்டை நிறைவு செய்தது. 1938ஆம் ஆண்டு ரூபாய் 2038இல் இவ்வகையில் சேரும். ஒரு முறை வெளிநாட்டில் தரப்படுத்தித் திரும்பிய நாணயமும், நூறாண்டு நிறைந்தபின் மறுதரப்படுத்தலுக்காக மீண்டும் வெளியேற இயலாது. நூறாண்டு நிறையாத நாணயத்தை மீனம்பாக்கம் வானூர்தி நிலையம் வழியாக அனுப்புவோர், அதன் காலத்தையும் மதிப்பையும் சரியாக அறிவிப்பதும், திரும்பி வருவது அதே நாணயம் என்பதைக் காட்டும் ஆவணங்களை வைத்திருப்பதும் சுங்கச் சிக்கலைத் தவிர்க்க உதவும்.

நிலத்தில் புதைந்து கிடைத்த நாணயங்களுக்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பிற மதிப்பீடுகளுடன் ஒப்பீடு

தரப்புள்ளியை நகைகளுக்கு இடப்படும் தர முத்திரையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. தரமணியில் தென்மண்டல அலுவலகத்தைக் கொண்ட இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, உலோகத்தின் தூய்மையைக் குறிக்கிறது. தூய்மை அளவிடக்கூடியது, அதே நகையை மீண்டும் சோதித்தாலும், அளவீட்டுப் பிழைக்குள் அதே விடை கிடைக்கும். நாணயத்தின் தரப்புள்ளி அத்தகையது அன்று.

இதற்கு நெருங்கிய ஒப்புமை, பல்கலைக்கழகத் தேர்வுகளின் மறுமதிப்பீடு ஆகும். கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் வளாகங்களைக் கொண்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், விடைத்தாளின் ஒளிநகலைப் பெற்று மறுமதிப்பீட்டிற்கு விண்ணப்பிக்கும் முறையை நன்கறிவர். இரண்டிலும், கிடைத்த மதிப்பில் நிறைவடையாதவர் மட்டுமே கட்டணம் செலுத்தி மீண்டும் அணுகுகிறார். எல்லைக்கோட்டில் உள்ளவருக்கே பயன் மிகுதி. ஆயினும் விடைத்தாளுக்கு விடைக்குறிப்பும் காலக்கெடுவும் உண்டு. நாணயத்திற்கு இரண்டும் இல்லை. அதனை எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம். அதன் சீட்டில் இருப்பது கடைசியாகக் கிடைத்த எண் மட்டுமே. அதற்கு முன் எத்தனை முறை அனுப்பப்பட்டது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

இவற்றையும் பார்க்க

- நாணயவியல்
- மார்கன் டாலர்
- பிட்மன் சட்டம்
- இந்திய ரூபாய்
- சென்னை நாணயச்சாலை
- தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம், 1972